எல்லாருக்கும் 9.8

நான் எட்டாம் வகுப்பு படித்த 1974-இல் ஆக்சிஜன் நீல நிறத்தில் இருந்தது. எங்கள் அறிவியல் சார் வாயு ஜாடியை வெள்ளைச் சாக்பீஸால் வரைவார். உள்ளே எழும் குமிழ்களுக்கு மட்டும் நீலச் சாக்பீஸ். படத்துக்குக் கீழே ‘நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது’ என்று எழுதுவார். நாங்கள் இரண்டையும் அப்படியே நோட்டில் ஏற்றிக்கொள்வோம். நீலப் பென்சில் இல்லாதவனுக்குப் படத்தில் அரை மார்க் குறையும்.

ஆய்வகம் இல்லை என்று சொன்னால் பாவம். தலைமையாசிரியர் அறையை ஒட்டி ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. அதற்குள் குடுவை, புனல், பௌதிகத் தராசு, ஒரு மணிஜாடி. பீரோ வருஷத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜையன்று திறக்கும். தராசுக்குச் சந்தனம் பூசி, ஜாடிக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு கலைவோம். மறுநாள் பூட்டு பழையபடி தொங்கும். அறிவியல் கருவிகளை நாங்கள் விழுந்து கும்பிட்டிருக்கிறோம், கையால் தொட்டதில்லை.

அந்த வகுப்பில் கேள்வி கேட்டவனும் உண்டு. பொட்டாசியம் குளோரேட்டோடு மாங்கனீஸ் டை ஆக்சைடைச் சேர்த்துச் சூடாக்கினால் ஆக்சிஜன் வரும், மாங்கனீஸ் டை ஆக்சைடு மட்டும் கடைசிவரை மாறாமல் அப்படியே இருக்கும் என்று சார் சொல்லி முடித்ததும், கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “மாறாம அப்படியே இருக்கும்னா அதை எதுக்கு சார் போடணும்?” வினையூக்கி என்ற கருத்தின் வாசற்படியில் பையன் நின்றுகொண்டிருந்தான். சார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. உனக்கு என்னடா இடைஞ்சல்?” வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் அறிவியலைத் தொந்தரவு செய்யவில்லை, பிற்காலத்தில் உரக்கடை வைத்து நன்றாக இருக்கிறான்.

மற்ற நேரங்களில் வகுப்பு ஜேஜே என்றிருக்கும். சார் பாதிச் சொல்லை விடுவார், நாங்கள் மீதியைப் பிடிப்போம். “இலை பச்சையா இருக்கக் காரணம் பச்சை...?” “யம்!” “பச்சையம் உணவு தயாரிக்கத் தேவை சூரிய...?” “ஒளி!” ஐம்பது குரல். வராந்தாவில் நடந்துபோகும் தலைமையாசிரியருக்கு அந்தச் சத்தம் திருப்தியாக இருக்கும். பிள்ளைகள் எத்தனை ஈடுபாட்டோடு படிக்கிறார்கள்! ஈடுபாட்டை டெசிபலில் அளக்கும் பழக்கம் அன்றிலிருந்தே இருக்கிறது.

இடையில் 1976 வந்தது. 42-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் 51ஏ பிரிவு நுழைந்தது. அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து பார்க்கும் குணத்தையும் வளர்த்துக்கொள்வது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை ஆயிற்று. நாங்கள் அந்தக் கடமையையும் குடிமையியலில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்து முடித்தோம்.

பிறகு நானே இயற்பியல் ஆசிரியர் ஆனேன். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் பள்ளிகளில் நிஜமான லேப் வந்திருந்தது. வெர்னியர், திருகு அளவி, தனி ஊசல், ஸ்டாப் வாட்ச் எல்லாம் உண்டு. பூட்டுத் திறந்தது. பூட்டு திறந்தால் போதும், சிந்தனை உள்ளே ஓடி வந்துவிடும் என்று நம்பிய தலைமுறை எங்களுடையது.

வந்தது வேறு ஒரு கலை. அதற்கு லேப் பாஷையில் ‘ரீடிங் குக் பண்ணுவது’ என்று பெயர். இயற்பியல் லேபில் கால் வைத்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ் இலக்கியம் படித்தவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தனி ஊசலில் குண்டை ஆட்டிவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, நூலின் நீளத்தையும் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று புத்தகத்திலேயே இருக்கிறது. எனவே பையன்கள் 9.8-இல் தொடங்கிப் பின்னோக்கி வருவார்கள். நீளம் ஒரு மீட்டர் என்றால் அலைவு நேரத்தின் வர்க்கம் இவ்வளவு, அதன் வர்க்கமூலம் இவ்வளவு, இருபது அலைவுக்கு 40.1 வினாடி. அதை அப்படியே எழுதினால் சந்தேகம் வரும். ஆகவே ஒரு இடத்தில் 40.2, இன்னொரு இடத்தில் 40.0. சராசரி எடுத்தால் கச்சிதமாக 9.8-இல் வந்து விழும். குண்டு மேசைமேல் அசையாமல் படுத்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். சோதனையை நேர்மையாகச் செய்வதற்கு எண்ணத் தெரிந்தால் போதும். குக் பண்ணுவதற்குச் சூத்திரம் தலைகீழாக மனசில் ஓட வேண்டும், அளவீட்டில் எவ்வளவு பிசகு இயல்பானது என்று தெரிய வேண்டும், எதிரில் இருக்கும் ஆசிரியரின் மனம் எப்படி வேலை செய்யும் என்று ஊகிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தர்க்க அறிவு போதாது என்று பேசுகிறவர்கள் ஒருநாள்கூட லேபில் நின்றதில்லை என்றுதான் நினைக்கிறேன். அறிவு ஏராளமாக இருந்தது. அதற்கு நாம் கொடுத்த வேலைதான் குக் பண்ணுவது.

குக் பண்ணத் தெரியாத ஒருவன் 1990-களின் நடுவில் வந்து சேர்ந்தான். பதினொன்றாம் வகுப்பு, பெட்டிக்கடைக்காரர் மகன். மற்றவர்கள் இருபது அலைவு எண்ணினால் அவன் ஐம்பது எண்ணுவான். நூலின் நீளம் 60 சென்டிமீட்டராக இருந்தபோது அவனுக்கு 9.53 வந்தது. 80-க்கு 9.59. ஒரு மீட்டருக்கு 9.63. நூலை இன்னும் நீட்டி 120-இல் பார்த்தான், 9.65. ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு போனான். லேப் பொறுப்பு அப்போது எனக்கு மூத்தவர் ஒருவரிடம் இருந்தது. கேலியாகப் பேசுவதில் மன்னர். அவர் நோட்டைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். “எல்லாருக்கும் 9.8. உனக்கு மட்டும் பூமி கம்மியா இழுக்குதா?”

பையன் அசரவில்லை. “நூல் நீளமாக நீளமாகப் பிசகு குறையுது சார். நீளத்துல ஏதோ கொஞ்சம் விட்டுப்போகுது. எல்லாத்துலயும் ஒரே அளவுதான் விட்டுப்போகுது. அதனாலதான் சின்ன நூல்ல பெருசா தெரியுது.”

அவன் சொன்னது சரி. கொக்கி வரைக்கும் நூலை அளந்திருந்தான். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரைக்கும் போகிறது. கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதைக் கூட்டினால் நான்கு அளவுக்கும் 9.78 வருகிறது. வேடிக்கை என்னவென்றால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தஞ்சாவூர் அட்சரேகையில் உண்மையான மதிப்பும் அதுதான். தன் தவறை வைத்தே அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த பையனை, பதினாறு வயதில், நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மூத்தவர் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவன் நோட்டிலும் 9.8 இருந்தது, கையெழுத்தும் விழுந்தது. குக் பண்ணவும் கற்றுக்கொண்டான். அந்த வருஷம் லேபில் அவன் கற்றது அது ஒன்றைத்தான் என்று ரெக்கார்டு சொல்லும்.

பிற்பாடு ஓர் ஆய்வைப் படித்தபோது இவன் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய் பாவோவும் அவர் குழுவினரும் 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. சீனாவில் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் இயற்பியலை உலுக்கி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் பலருக்கும் ஒரு வருஷப் படிப்போடு சரி. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த இரு நாட்டு மாணவர்களுக்கும் விசை பற்றிய தேர்வு வைத்தால் சீனர்கள் நூற்றுக்கு 86 பக்கம், அமெரிக்கர்கள் 50 பக்கம். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அதே வகை மாணவர்களுக்கு அறிவியல் முறையில் யோசிக்கத் தெரிகிறதா என்று சோதிக்கும் லாசன் தேர்வை வைத்தார்கள். இரு பக்கமும் 75-ஐ ஒட்டியே வந்தது. பாடத்தை ஐந்து மடங்கு ஊட்டியும் யோசனை ஒரு பிடிகூட ஏறவில்லை.

அந்த லாசன் தேர்விலும் ஒரு ஊசல் கணக்கு இருக்கிறது. மூன்று நூல்கள், நீளமும் எடையும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. நீளம் மாறினால் அலைவு நேரம் மாறுமா என்று பார்க்க எந்த நூல்களை எடுப்பாய்? எடை சமமாகவும் நீளம் வேறாகவும் உள்ள இரண்டை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். தனி ஊசலின் விதிகளை மூச்சு விடாமல் சொல்லும் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் மூன்றையும் எடுத்தார்கள். “எல்லாத்தையும் போட்டாத்தான் சார் ஃபுல் மார்க்.” விடைத்தாளின் அறத்தை லேபுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

உலகத் தேர்வு ஒன்றிலும் நாம் உட்கார்ந்தோம். பதினைந்து வயதுக்காரர்களுக்கான பீசா தேர்வின் 2009 சுற்றில், கூடுதலாகச் சேர்க்கப்பட்ட இடங்களின் வரிசையில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு 2011 இறுதியில் வந்தது. எழுபத்து நான்கு இடங்களில் நாம் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தோம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். அடுத்த சுற்றுகளுக்கு இந்தியா போகவே இல்லை. மார்க் குறைந்தால் அடுத்த பரீட்சையன்று வயிற்றுவலி வரவழைப்பது எங்கள் பையன்களுக்குத் தெரிந்த வித்தைதான், டில்லி வரைக்கும் அது பரவியிருப்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இனி இன்றைக்கு வருவோம். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குப் பேத்தியின் பள்ளிக்கூடம் என்பது பொழுதுபோக்கு. அங்கே ஆக்சிஜனுக்கு உண்மையாகவே நிறமில்லை. ஸ்மார்ட் போர்டில் டீச்சர் விரலால் தொடுகிறார், ஜாடி நிரம்புகிறது, தணல் குச்சியை உள்ளே விட்டால் குப்பென்று பற்றுகிறது. ஒவ்வொரு முறையும் பற்றுகிறது. ஈரக் குச்சி கிடையாது, கார்க் இடுக்கில் காற்றுக் கசிவு கிடையாது. எங்கள் கரும்பலகையிலும் குச்சி ஒருநாளும் பற்றாமல் இருந்ததில்லை. அந்த விஷயத்தில் ஐம்பது வருஷ முன்னேற்றம் என்பது சாக்பீஸ் தூள் குறைந்ததுதான்.

மாறியவற்றை மறைக்கக் கூடாது. பிரம்பு போய்விட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்கிறது. பிள்ளைகள் ஆசிரியரின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள். பெண்பிள்ளைகள் முதல் பெஞ்சை நிறைத்திருக்கிறார்கள். என் வகுப்பில் பெண்கள் நான்கைந்து பேர், அவர்களும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பாடநூலில் கியூஆர் கோடு இருக்கிறது, ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் உயர் சிந்தனை வினா என்று ஒரு பகுதியும் இருக்கிறது. அந்த வினாக்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

போன பரீட்சைக்கு முந்தின இரவு பேத்தி என்னிடம் கைடை நீட்டினாள்.

“தாத்தா, உயர் சிந்தனை ஒப்பிக்கிறேன். பாத்துக்குங்க.”

ஒப்பித்தாள். காற்புள்ளி பிசகவில்லை. “இது ஏன்னு உனக்கே தோணுதா?” என்று கேட்டேன். “தோணக் கூடாது தாத்தா. கைடுல இருக்கற மாதிரியே எழுதணும். சொந்தமா எழுதினா மிஸ் கீ ஆன்ஸர்ல தேடிப் பாப்பாங்க, இருக்காது.” எங்கள் சார் கேள்வியைத்தான் தடுத்தார். இப்போது கேள்வியை வரவேற்று, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அதற்கான விடையையும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். யோசிப்பவர்கள் பாடநூல் குழுவிலும் கைடு போடும் இடத்திலும் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சிரமம் இல்லை.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். சி.வி. ராமன் 1928-இல் தன் விளைவைக் கண்டறிந்த நாள். 1987 முதல் கொண்டாடுகிறோம். பேத்தி பள்ளியில் தலைப்பாகை கட்டிய குட்டி ராமன்கள் வரிசையாக மேடை ஏறினார்கள். 1921-இல் கப்பலில் வரும்போது ராமன் கடலைப் பார்க்கிறார். வானத்தின் நீலத்தைத்தான் கடல் பிரதிபலிக்கிறது என்பது அன்றைக்குப் பெரியவர்கள் எழுதிவைத்த விடை. ராமன் பையில் இருந்த நிக்கோல் பட்டகத்தை எடுத்து, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்க்கிறார். அப்போதும் நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது. புத்தக விடையை நம்பாமல் தானே சோதித்துப் பார்த்த மனிதரின் கதை. அதை எல்லாக் குட்டி ராமன்களும் ஒரே வாக்கியங்களில், ஒரே இடத்தில் கையை உயர்த்தி, ஒப்பித்தார்கள். நடுவில் மறந்துபோன ஒரு குழந்தைக்கு ஓரத்திலிருந்து அம்மா எடுத்துக்கொடுத்தார். ஆறுதல் பரிசு கிடைத்தது.

ஈடுபாட்டுக்குக் குறைவில்லை. ‘ஆக்டிவிட்டி’ என்று வாரம் ஒன்று வருகிறது. அம்மாக்கள் இரவு பதினொரு மணிக்குத் தெர்மாகோலைச் சனிக்கிரகமாகச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கவைத்த எரிமலையில்லாத கண்காட்சி இல்லை. நிஜ எரிமலைக்கும் சோடா உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர் இல்லை. தயார் மாதிரி வேண்டுவோருக்குக் கடைத்தெருவிலேயே ‘ஸ்கூல் புராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று பலகை தொங்குகிறது. கை சுறுசுறுப்பாக இருக்கிறது, முகம் மலர்ந்திருக்கிறது, போட்டோ பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஏறுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் ‘ஏன்’ வந்ததா என்று பார்ப்பவன் விருந்தில் உப்பைத் தேடுகிற விருந்தாளி மாதிரி அசௌகரியமானவன்.

ஒருநாள் மட்டும் அந்த ‘ஏன்’ வந்ததைப் பார்த்தேன். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைப் பொருட்களோடு கருத்தாளர்கள் போகிறார்கள். எங்கள் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கு ஓர் இளம்பெண் ஸ்கூட்டியில் வந்திருந்தார். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். மெழுகுவர்த்தி அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று பல தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

இரட்டைச் சடை போட்ட ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். “மிஸ், ரெண்டு மெழுகுவத்தி வெச்சா?”

கருத்தாளர் பதில் சொல்லவில்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடி ஆக்கினால் போதும், பிள்ளைகளின் பதில் நீள்கிறது, காரணத்தோடு வருகிறது, அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். அன்று அந்தக் கருத்தாளர் மூன்று வினாடிக்கும் மேலாகவே சும்மா நின்றார். படித்து நின்றாரா, பதில் தெரியாமல் நின்றாரா, எனக்குத் தெரியாது. பிறகு சொன்னார்: “வெச்சுப் பாப்போமே.”

மூன்று வைத்தார்கள். தண்ணீர் முன்னைவிட நன்றாக மேலே ஏறியது. வகுப்பு குழம்பிப்போய்விட்டது. “அப்ப காத்துல ஆக்சிஜன் அதிகமாயிருச்சா மிஸ்?” “அதே டம்ளர்தானடா, எப்படி அதிகமாகும்?” “கவுக்கும்போது ஓரத்துல கொப்புளம் வந்துச்சு மிஸ், நான் பாத்தேன்.” “கொப்புளம்னா உள்ள இருந்த காத்து வெளிய போச்சு.” “எதுக்குப் போகணும்?” “சூடு மிஸ்! மூணு வத்தின்னா சூடு ஜாஸ்தி!” சூட்டில் விரிந்த காற்று கொஞ்சம் வெளியேறுகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. ஆக்சிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. புத்தகத்தின் ஐந்தில் ஒன்று இந்தச் சோதனையில் தற்செயலாகப் பொருந்திப்போகும் எண். இவ்வளவையும் பிள்ளைகளே ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கட்டிவிட்டார்கள். கோரஸ் இல்லை. எனக்குத் தெரிந்து அறிவியல் வகுப்பு இரைச்சலாக இருக்க வேண்டிய விதம் அதுதான்.

வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியர் நல்ல மனிதர், கவலைப்படுகிற மனிதர். எல்லாம் முடிந்ததும் உள்ளே வந்து சொன்னார். “நல்லா இருந்துச்சு. ஆனா பரீட்சைக்கு ஒரே மெழுகுவத்திதான். ஐந்தில் ஒரு பங்கு. மறந்துராதீங்க.” பிள்ளைகள் ஒரே குரலில், “சரிங்க சார்!”

அவர்மேல் குற்றமில்லை. ஏழாம் வகுப்பில் அவர் மூன்று மெழுகுவர்த்தியை அனுமதித்தால், பத்தாம் வகுப்பில் அவர் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை மாவட்ட அலுவலகம் ஒரு மெழுகுவர்த்தியால்தான் அளக்கும். ஸ்மார்ட் போர்டு, கிட், மன்றம், உயர் சிந்தனை எதைக் கொண்டுவந்து வைத்தாலும் கடைசியில் விடைக்குறிப்பு என்ற சல்லடையில் அது சலிக்கப்படுகிறது. அதன் கண் மட்டும் 1974-இல் இருந்த அதே அளவில் இருக்கிறது.

எனவே கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கும் தேர்வுத் துறைக்கும் ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வில் ஐந்தே ஐந்து மதிப்பெண்ணை விடைக்குத் தராதீர்கள். ‘உன் அளவு புத்தக அளவிலிருந்து எவ்வளவு விலகியது, ஏன்?’ என்ற ஒரு கேள்விக்குத் தாருங்கள். துல்லியமாக 9.8 வந்தவனுக்கு அந்த ஐந்தில் பூஜ்யம். கைடு போடுகிறவர்கள் அதற்கும் மாதிரி விடை அச்சடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தயாரித்து அச்சிட்டுக் கடைக்கு வர அவர்களுக்கு எப்படியும் ஒரு வருஷம் பிடிக்கும். அந்த ஒரு வருஷத்துப் பிள்ளைகளாவது குண்டை மேசையிலிருந்து எடுத்து ஆட்டிவிடுவார்கள்.